கம்பம் ஏறுபவன் கையில் எம்மொழி?

மொழி மேடைக்கு உரியது, மின்கம்பத்துக்கு உரியதன்று என்று எண்ணுவார் பலர். தனித்தமிழ் என்றவுடன் பெயர்மாற்றம், பாட்டரங்கம், திருமண அழைப்பிதழ் என்னும் மூன்றோடு நிறைவடைவாரும் பலர். இவ்விரு திறத்தாரும் ஒருமுறையேனும் ஆடித்திங்களில் கரிசற் காட்டுக்குச் சென்று வருதல் நன்று. மொழி உயிரைக் காப்பதும், மொழியின்மை உயிரைக் குடிப்பதும் எங்ஙனம் என்பதை அங்கே கண்கூடாகக் காணலாம்.

தூத்துக்குடி மாவட்டத்துப் பசுவந்தனையையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் எடுத்துக்கொள்க. பருத்தியும் உளுந்தும் பாசியும் சோளமும் கம்பும் மிளகாயும் மழையை நம்பி விளையும் மண் அது. முதுவேனிலில் அம்மண் ஆள்விரல் நுழையுமளவு வாய்பிளக்கும். ஐப்பசி மழையில் அதுவே ஊறிப் பருத்துச் சேறாகும். பிளந்தும் பருத்தும் அசையும் அந்நிலத்தில் நட்ட மின்கம்பம் நாளடைவில் சாயும். ஆடியில் மேற்கிலிருந்து கயத்தாற்றைக் கடந்து வரும் காற்று, தொய்ந்த கம்பிகளை ஒன்றோடொன்று மோதவிடும். பொறி பறக்கும், ஊர் இருளும். ‘பீசு போய்விட்டது’ என்று ஒருவர் சொல்வார். கையில் கிடைத்த கம்பித் துண்டை எடுத்துக்கொண்டு இன்னொருவர் பெட்டியைத் திறப்பார். அந்தக் கம்பி எத்தனை தடிப்பு, அது எதைக் காப்பதற்கு, எதைக் காவாது என்று அவர்க்கு அவர் மொழியில் எவரும் சொல்லியதில்லை. ஏதம் தொடங்கும் இடம் அதுவே.

இம்மண் மின்னாற்றலைப் பிறரிடம் கையேந்திப் பெற்ற மண்ணன்று. 1944-இல் இயங்கத் தொடங்கிய பாவநாசம் புனல்மின் நிலையம் நெல்லைச் சீமைக்கு ஒளி தந்தது. 1979-இல் முதற்பொறி இயங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையம் ஐந்து பொறிகளாக வளர்ந்து 1,050 மெகாவாட்டு ஆற்றல் பெற்றது. 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தமிழகத்தின் முதற் காற்றாலைப் பண்ணை நிறுவப்பட்டது. மின்னை ஆக்குவதில் முன்னே நிற்கும் மண்ணின் மக்கள், மின்னினின்று தம்மைக் காத்துக்கொள்ளும் அறிவில் ஏன் பின்னே நிற்கவேண்டும்? விடை ஒன்றே. அவ்வறிவு அவர்கள் மொழியில் அவர்களை வந்தடையவில்லை.

அவ்வறிவுதான் என்ன? அஃது எவர்க்கும் எட்டாத மறைபொருளன்று. கண்மாய்ப் பாய்ச்சலைக் கண்ட உழவர் எவர்க்கும் ஒரு நொடியில் விளங்கக்கூடியது. ஒரு வயலின் வரப்பு உடைந்து நீர் வீணாகின்றது எனக் கொள்க. அறிவுடையோர் அவ்வயலின் வாய்மடையை அடைப்பர். அது முடியாவிடில் வாய்க்காலை அடைப்பர். அதுவும் முடியாத பொழுதே கண்மாய் மடையை அடைப்பர். ஒரு வரப்பு உடைந்ததற்காக முதலிலேயே கண்மாய் மடையை அடைத்து, ஊர்ப்பயிர் அனைத்தையும் காயவிடுபவனை ஊர் என்ன சொல்லும்? மின்காப்பின் தலையாய நெறியும் இதுவே. பழுதுக்கு மிக அருகில் உள்ள காப்பு முதலில் இயங்குக. அது தவறினால் அதன் மேலுள்ளது இயங்குக. எல்லாவற்றுக்கும் மேலுள்ளது எல்லாவற்றுக்கும் பின்னே இயங்குக. இந்தப் படிமுறை ஒழுங்கே காப்பொழுங்கு எனப்படும்.

படிகளை எண்ணிப் பார்க்க. வீட்டுப் பெட்டியில் ஓர் உருகி. மின்மாற்றியின் தாழழுத்தப் பக்கத்தில் வழிக்கொன்றாகச் சில உருகிகள். அதன் உயரழுத்தப் பக்கத்தில், இரு கொம்புகளுக்கிடையே கட்டிய மெல்லிய கம்பியாகிய கொம்புருகி. அதற்கும் மேலே துணைமின்நிலையத்தில், 11,000 வோல்ட்டு வழி புறப்படும் இடத்தில், மிகையோட்டத்தை அறியும் உணர்த்தியும் அதன் ஏவலால் வழியை அறுக்கும் முறிப்பியும். வீட்டில் நேர்ந்த பழுதுக்கு வீட்டுருகியே விடைசொல்ல வேண்டும். பசுவந்தனையில் ஒரு வீட்டு விசிறி எரிந்ததற்காகச் சுற்றியுள்ள பத்து ஊர்கள் இருளில் மூழ்குமாயின், காப்பு இருக்கின்றது, ஆனால் ஒழுங்கு இல்லை என்பதே பொருள்.

உருகி என்பது வேண்டுமென்றே மெலிவாக வைத்த கம்பி. மிகை மின்னோட்டம் வந்தால் தான் முதலில் உருகிச் செத்து, தன் பின்னுள்ளவற்றைக் காக்கும் ஈகையாளன் அது. அதன் அறம் அதன் மெலிவில் உள்ளது. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாயின், 5 ஆம்பியருக்கு 0.20 மில்லிமீட்டர் தடிப்பும், 15 ஆம்பியருக்கு 0.50 மில்லிமீட்டரும், 30 ஆம்பியருக்கு 0.85 மில்லிமீட்டரும் போதும். இவ்வளவு நுண்ணிய இழையைக் கண்டு, ‘இது எம்மட்டு?’ என இகழ்ந்து, கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றுவார் உளர். கம்பியின் தடிப்பை இருமடங்காக்கினால் அது உருகுதற்கு வேண்டிய ஓட்டம் இருமடங்கன்று, ஏறத்தாழ 2.8 மடங்காகும். நான்கு மடங்காக்கினால் எட்டு மடங்காகும். ‘எங்கள் வீட்டு பீசு போகவே போகாது’ என்று மார்தட்டுவாரைக் காணலாம். போகாத உருகி, காவாத காவலன். கள்வன் வந்தபோதும் குரைக்காத நாயை வளர்ப்பதில் என்ன பெருமை?

அதன் விளைவு அவ்வீட்டோடு நிற்பதுமன்று. வீட்டுருகி உருகாததால் பழுதோட்டம் மேலேறி மின்மாற்றியின் உருகியை உருக்குகின்றது. தெரு முழுதும் இருள்கின்றது. அடிக்கடி உருகுகின்றதே என்று அங்கும் தடித்த கம்பி ஏறுகின்றது. இப்போது பழுதோட்டம் மின்மாற்றியின் சுருள்களையே சுடுகின்றது. 100 கிலோவோல்ட்டு-ஆம்பியர் மின்மாற்றி ஒன்றைக் கொள்க. முழுச்சுமையில் அதன் உயரழுத்தப் பக்கம் 5.25 ஆம்பியரும், 433 வோல்ட்டுத் தாழழுத்தப் பக்கம் 133 ஆம்பியரும் ஓடும். அதன் மறிப்பு 4.5 விழுக்காடாயின், தாழழுத்த முனையிலேயே மூன்று கம்பிகளும் ஒட்டிக்கொண்டால் ஏறத்தாழ 2,960 ஆம்பியர் பாயும். அது முழுச்சுமையின் 22 மடங்கு. உயரழுத்தப் பக்கத்தில் அது 117 ஆம்பியராகத் தோன்றும். இவ்வெண்களைக் கொண்டே ஒவ்வோர் உருகியின் அளவும் வகுக்கப்பட்டுள்ளது. கீழுருகி உருகிப் பொறியணைந்து முடியும் வரை விடும் வெப்பம், மேலுருகி உருகத் தொடங்குதற்கு வேண்டிய வெப்பத்தினும் குறைவாக இருக்கவேண்டும் என்பது நெறி. வெப்பமோ ஓட்டத்தின் இருபடியாக ஏறுவது. ஒரு முழம் தடித்த கம்பி இந்தக் கணக்கு முழுவதையும் பொய்யாக்கிவிடுகின்றது. நடவுப் பருவத்தில் மின்மாற்றி எரிந்தால் மாற்றுப்பொறி வரும்வரை கிணற்றுப்பாசனம் நிற்கும். வாடும் பயிருக்கு உரியவர், அந்தக் கம்பியைச் சுற்றியவராக இருக்கவேண்டும் என்பதுமில்லை.

இனி உணர்த்தி. உருகி உருகிச் சாகும், உணர்த்தி சாகாது. ஓட்டத்தை அளந்து, எல்லை மீறினால் முறிப்பிக்கு ஆணையிடும். அதற்கு இரு பூட்டுகள் உண்டு. எவ்வளவு ஓட்டத்தில் விழிப்பது என்பது ஒன்று. விழித்தபின் எவ்வளவு காலம் பொறுப்பது என்பது மற்றொன்று. இயல்பு வளைவு எனப்படும் ஏற்பாட்டில், காலப்பெருக்கம் ஒன்றாக இருப்பின், வைத்த எல்லையின் இருமடங்கு ஓட்டத்துக்கு அது 10 நொடி பொறுக்கும். ஐந்து மடங்குக்கு 4.3 நொடி, பத்து மடங்குக்கு 3 நொடி. காலப்பெருக்கத்தைப் பத்திலொன்றாக்கினால் பொறுக்கும் காலமும் பத்திலொன்றாகும். சிறு மிகைக்கு நெடும் பொறுமை, பெரு மிகைக்குக் குறும் பொறுமை! அடுத்தடுத்த இரு உணர்த்திகளுக்கிடையே ஏறத்தாழ 0.3 முதல் 0.4 நொடி இடைவெளி வைப்பர். கீழுள்ள முறிப்பி திறந்து முடிய அவ்விடைவெளி வேண்டும். அது குறைந்தால் கீழுள்ளவன் பணியை முடிக்குமுன்பே மேலுள்ளவன் புகுந்து அனைத்தையும் அறுப்பான். அது மிகுந்தால் பழுது நெடுநேரம் எரிந்து கம்பியும் பொறியும் கெடும். கால் நொடியினும் சற்றே மிகுந்த ஓர் இடைவெளியில் ஊரின் ஒளி தங்கியிருக்கின்றது.

இக்கணக்கும் முன்போல் எளிதாக இல்லை. முன்பு மின் மேலிருந்து கீழே மட்டும் பாய்ந்தது. இன்று காற்றாலையும் கதிர்மின் பண்ணையும் கூரைக் கதிர்த்தட்டும் கீழிருந்து மேலே ஊட்டுகின்றன. பழுதுக்கு இருபுறத்திலிருந்தும் ஓட்டம் வருகின்றது. எனவே ஓட்டத்தின் அளவை மட்டுமன்றித் திசையையும் அறியும் உணர்த்தி வேண்டியதாயிற்று. மேலிணைப்பை அறுத்துவிட்டோம், கம்பியில் மின் இல்லை என்று நம்பி ஏறுபவரைக் கீழிருந்து வரும் மின் கொல்லக்கூடும். பழைய பட்டறிவு மட்டும் இனிப் போதாது. புதிய அறிவும் அவர் கைக்கு எட்டவேண்டும்.

இவையனைத்தினும் கொடியது காணாப் பழுது. அறுந்த கம்பி காய்ந்த நிலத்தில் விழுகின்றது. உருகி உருகும், முறிப்பி முறியும் என்று மக்கள் நம்புகின்றனர். காய்ந்த மண்ணோ மின்னுக்குப் பெருந்தடை. கம்பியிலிருந்து நிலத்துள் இறங்கும் ஓட்டம் சில ஆம்பியராகவோ அதனினும் குறைவாகவோ இருக்கலாம். நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கு வைத்த உருகிக்கு அஃது ஒரு சுமையே அன்று. மிகையோட்ட உணர்த்திக்கும் அது தெரியாது. ஆகவே கம்பி உயிரோடு கிடக்கும். அதனருகே நிலத்தில் அடிக்கு அடி அழுத்தம் வேறுபடும். முன்காலும் பின்காலும் அகன்று நிற்கும் மாடு அவ்வேறுபாட்டை மிகுதியாக ஏற்று முதலில் விழும். அதை இழுக்க ஓடும் உழவர் அடுத்து விழுவார். கோடையில் கரிசல் பிளந்து நிலத்தொடர்புக் குழாயைவிட்டு விலகும்பொழுது, மின்மாற்றியின் நிலத்தொடர்பும் நலிந்து இடர் இரட்டிக்கும். விழுந்த கம்பியைச் செத்த கம்பி என்று எண்ணாதே என்னும் ஒரு வரி எத்தனை உயிரைக் காக்கும்!

இன்னொன்றும் உணரத்தக்கது. உருகி காப்பது கம்பியை, ஆளையன்று. ஆளைக் காக்க வைக்கும் கசிவு முறிப்பி 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே வழியை அறுக்குமாறு அமைக்கப்படுவது. 5 ஆம்பியர் உருகியோ அதனினும் 160 மடங்குக்கு மேற்பட்ட ஓட்டத்தையும் இயல்பென்று எண்ணி வாளாவிருக்கும். ‘வீட்டில் பீசு இருக்கின்றது, அச்சமில்லை’ என்பவர் எதை நம்பியிருக்கின்றார் என்று எவரேனும் அவர்க்குத் தமிழில் சொன்னதுண்டா?

அறிவு உரியவரைச் சென்றடையாமையால் விளையும் கேடு சிற்றூரோடு நிற்பதன்று. 1965 நவம்பர் 9-ஆம் நாள் மாலை, கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் சர் ஆதம் பெக் மின்நிலையத்திலிருந்து புறப்படும் வழியொன்றை ஒரு துணைக்காப்பு உணர்த்தி அறுத்தது. அங்கே பழுது ஏதுமில்லை. உணர்த்தியின் எல்லை, ஓடிய சுமைக்கு மிகத் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தது. அதன் சுமை மற்ற வழிகள்மேல் விழ, அவையும் சில நொடிகளில் அடுத்தடுத்து அறுந்தன. நியூயார்க்கு உள்ளிட்ட வடகிழக்கு அமெரிக்காவில் ஏறத்தாழ மூன்று கோடி மக்கள் இருளில் ஆழ்ந்தனர். சில இடங்களில் ஒளி திரும்ப 13 மணிநேரமாயிற்று. அவ்வுணர்த்தி எந்த அளவில் வைக்கப்பட்டிருந்தது என்பதை மின்நிலையத்தை இயக்கியவர்களே அறிந்திருக்கவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது.

அதற்கு 47 ஆண்டுகள் கழித்து அதே வகைப் பிழை இந்தியாவில் நேர்ந்தது. 2012 சூலை 30-ஆம் நாள் பின்னிரவு 2.33 மணிக்குப் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட்டு வழியின் உணர்த்தி, மிகைச்சுமையைத் தொலைவிலுள்ள பழுதென்று மயங்கி வழியை அறுத்தது. வடபுலத் தொகுப்பு வீழ்ந்தது. மறுநாள் பகல் ஒரு மணியளவில் அதே வழி மீண்டும் அறுபட, வடக்கும் கிழக்கும் வடகிழக்குமாக மூன்று தொகுப்புகள் வீழ்ந்தன. ஏறத்தாழ 48,000 மெகாவாட்டு சுமை இழக்கப்பட்டது. 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு இருண்டது. அன்று தென்னகம் தப்பியது. தென்னகத் தொகுப்பு அப்போது நேர்மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே வடக்கோடு பிணைக்கப்பட்டிருந்ததே அதன் கரணியம். அத்தகைய இணைப்பு ஆற்றலைக் கடத்தும், அதிர்வைக் கடத்தாது. தமிழகம் அவ்வாண்டில் மின்பற்றாக்குறையால் பல மணிநேர மின்வெட்டில் உழன்றதும் உண்மையே. அது வேறு நோய். தொகுப்புச் சரிவென்னும் இந்நோய் தமிழகத்தைத் தீண்டவில்லை.

2013 திசம்பர் 31-ஆம் நாள் இராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட்டு வழியால் தென்னகமும் வடபுலத்தோடு ஒத்தலையும் தொகுப்பாக இணைந்தது. காற்று மிகுந்த திங்களில் இங்கு விளையும் மின்னை அங்கு விற்கலாம், குறைந்த திங்களில் அங்கிருந்து வாங்கலாம் என்னும் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் குவாலியரில் தவறாக வைத்த ஓர் உணர்த்தி, அதன் பிறகு பசுவந்தனையின் விளக்கையும் அசைக்கவல்லது. தொகுப்பு பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு படியிலும் காப்பொழுங்கு செவ்வையாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் பணிசெய்வார் அதனை அறிந்திருத்தல் வேண்டும். அறிதலோ மொழியால் ஆவது.

இங்குதான் சிக்கல் தொடங்குகின்றது. மின்வாரியம் தன் பணியாளர்க்குக் கம்பியாளர், மின்பாதை ஆய்வாளர், ஆக்கமுகவர் என்று நல்ல தமிழ்ப்பெயர்கள் சூட்டியுள்ளது, பாராட்டத்தக்கதே. ஆயின் அக்கம்பியாளர் திறக்கும் பெட்டியின் முகப்பிலும், துணைமின்நிலையத்து உணர்த்தியின் முகத்திலும், அதனோடு வந்த கையேட்டிலும் இருப்பது ஆங்கிலம். ஆளுக்குத் தமிழ்ப்பெயர், அவர் உயிரைக் காக்கும் அறிவுக்கு அயல்மொழி! 1956-இல் தமிழ் ஆட்சிமொழியாகச் சட்டம் இயற்றப்பட்டது. ஆட்சி என்பது கோப்பு மட்டுமன்று. உச்சிவெயிலில் கம்பத்தின்மேல் நிற்பவன் எடுக்கும் முடிவும் ஆட்சியே. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலைத் தமிழில் கற்பிக்கத் தொடங்கியபோது கட்டடத்துறையும் எந்திரத்துறையுமே இடம்பெற்றன. மின்துறை வாயிலில் நின்றது.

இதற்கு மறுப்புரைப்பார் மூவகையினர். தமிழில் சொல் இல்லை என்பது முதல்வர் கூற்று. சொல்லின் வேரைக் காணாதவர் கூற்று அது. ‘உருகு’ என்னும் பொருளுடைய வினையினின்றே ஆங்கிலரும் தம் சொல்லை ஆக்கினர். அவர் செய்ததையே தமிழும் செய்து உருகி என்றது. ‘ரிலே’ என்பதோ களைத்த வேட்டைநாய்க்கும் குதிரைக்கும் மாற்றாக இடைவழியில் நிறுத்திய புதிய விலங்கைக் குறித்த பிரெஞ்சுச் சொல். தந்தித் தொழிலில், தொலைவால் நலிந்த குறிப்புக்குப் புதுவலுவூட்டிய கருவிக்கு அப்பெயர் சென்றது. அதிலிருந்து இன்றைய காப்புக் கருவிக்குத் தாவியது. இக்கருவியின் பணி குதிரை மாற்றுவதன்று. பழுதை உணர்ந்து உணர்த்துவது. உணர்த்தி என்னும் தமிழ்ச்சொல் அப்பணியை நேரே சொல்கின்றது. எது அறிவியற்சொல்? எது வெறும் ஒலி?

உலகம் முழுதும் ஆங்கிலமே என்பது இரண்டாமவர் கூற்று. செருமானியர் உருகிக்கு இட்ட பெயரின் பொருள் ‘காப்பது’ என்பது. சப்பானியர் அச்சொல்லைக் கடனாகப் பெற்றனர். ஆயினும் காப்புநெறிகளைத் தம்மொழியில் எழுதித் தம் தொழிலாளர்க்குத் தந்தனர். தமிழர்க்கும் இது புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழில் மருத்துவரைப் பயிற்றினார். உடலை அறுத்துக் கற்கும் கலையைத் தமிழ் அன்றே தாங்கியது. கம்பியை முறுக்கும் கலையை இன்று தாங்காதோ?

மக்கள் பழகிவிட்டனர், ‘பீசு’ என்றால் போதும் என்பது மூன்றாமவர் கூற்று. பள்ளிக்குக் கட்டுவதும் பீசு, பெட்டியில் கட்டுவதும் பீசு! முன்னது கட்டாவிடில் பிள்ளை வெளியே நிற்கும். பின்னது தவறாகக் கட்டினால் பிள்ளை உலகைவிட்டே வெளியேறும். ஒலி பழகியதால் பொருள் விளங்கியதாகாது. பொருள் விளங்கியிருப்பின் அச்சொல்லைச் சொல்லிக்கொண்டே தடித்த கம்பியைச் சுற்றுவாரோ? ‘உருகி’ என்று சொல்பவன் வாய், உருகவேண்டியது இது என்று கைக்கு நினைவூட்டுகின்றது. உருகாததை உருகி என்று அழைக்க நா கூசும். அந்தக் கூச்சமே காப்பு.

பிறரை இடித்துரைத்ததோடு நிற்பது நேர்மையன்று. தமிழ்த்தொண்டர் தம் குற்றத்தையும் நோக்குதல் வேண்டும். மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ்க் கொள்கையை எடுத்து நூறாண்டு கடந்துவிட்டது. 1930-களில் நெல்லையில் இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச்சங்கம் கலைச்சொற்களைத் தொகுக்கும் பணியை முன்னின்று நடத்தியது. அன்று பசுவந்தனையும் நெல்லை மாவட்டத்து ஊரே. அவ்வளவு முந்திய தொடக்கத்துக்குப் பின்னும் விளைந்ததென்ன? ஒரு பட்டியலில் உருகி, மற்றொன்றில் உருகுகம்பி. ஒன்றில் உணர்த்தி, மற்றொன்றில் அஞ்சல். தமிழகத்தில் மின்மாற்றி, ஈழத்தில் நிலைமாற்றி. ஆளுக்கொரு சொல்லை ஆக்கி, தம் சொல்லே தூயது என்று ஒருவரோடொருவர் பொருகின்றனர். மின்காப்பில் ஒரே பழுதுக்கு நான்கு முறிப்பிகளும் ஒரே நொடியில் திறந்தால் அதனைக் காப்பென்று எவரும் சொல்லார், குழப்பம் என்பர். ஒரு பொருளுக்கு நான்கு சொல் போட்டியிடும் மொழியும் அத்தகையதே. கம்பத்தின்மேல் நிற்பவர்க்கும் கீழே நின்று ‘திற’ என்பவர்க்கும் ஒரே சொல் வேண்டும். அங்கே இருசொல் என்பது இரு பொருள். இரு பொருள் என்பது ஒரு பிணம். சொல்லாக்கம் பெருகியது போதும், சொல்லொழுங்கு தொடங்கட்டும். தமக்கு விருப்பமான சொல்லை விட்டுக்கொடுத்து, பொதுச்சொல்லை ஏற்பவரே மெய்யான தமிழ்த்தொண்டர்.

செய்யவேண்டியவை அரியனவல்ல. ஒவ்வொரு மின்மாற்றியின் அருகிலும், எந்த வழிக்கு எத்தனை ஆம்பியர் உருகி, எத்தனை மில்லிமீட்டர் கம்பி என்று தமிழில் எழுதிய பலகை ஒன்று தொங்குக. துணைமின்நிலையத்து ஒவ்வோர் உணர்த்தியின் எல்லையும் பொறுமைக்காலமும் ஒரு பக்கத் தமிழ்க்குறிப்பாக எழுதப்பட்டு, அவ்வழியில் பணிசெய்யும் கம்பியாளர் கைக்குச் சேர்க. எல்லையை மாற்றும்போதெல்லாம் குறிப்பும் மாற்றப்படுக. தொழிற்பயிற்சி நிலையங்களில் காப்பொழுங்கு தமிழில் தெளியக் கற்பிக்கப்படுக. தமிழகமும் ஈழமும் பிறநாட்டுத் தமிழரும் கூடி, மின்காப்புச் சொற்கள் இருநூறுக்கேனும் ஒரே பட்டியல் வகுக்க. இந்த நான்கினையும் அரசிடமும் வாரியத்திடமும் இடைவிடாது கேட்டல் இயக்கத்தின் கடமை.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத பணியும் உண்டு. கரிசற் காட்டுச் சிற்றூர்களில் தமிழ்மன்றம் நடத்தும் இளைஞர், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தெருத்தெருவாகச் சென்று நான்கு செய்திகளைச் சொல்லலாம். உருகியில் அளவுக்கு மேற்பட்ட கம்பியைச் சுற்றாதீர். உருகி கம்பியைக் காக்கும், ஆளைக் காவாது. ஆளைக் காக்கக் கசிவு முறிப்பி வைப்பீர். மின்மாற்றியின் உருகியைத் தாமே மாற்ற முனையாதீர். அது பயிற்சி பெற்றார் பணி. அறுந்து விழுந்த கம்பியை உயிருள்ள கம்பியென்றே கொண்டு, ஆளையும் மாட்டையும் அண்டவிடாது, மின்வாரியத்தின் 94987 94987 என்னும் மின்னக எண்ணுக்கு உடனே சொல்வீர். இந்நான்கினையும் கேட்ட ஓர் ஊரில், ஆடிக்காற்றில் விழுந்த கம்பியை நோக்கி ஓடும் சிறுவனைத் தடுக்க ஒரு கை நீளும். அந்தக் கையை நீட்டச் செய்தது தமிழாகவே இருக்கும்.

‘தமிழ் வாழ்க’ என்று சுவரில் எழுதும் கைகள் பல உண்டு. அக்கைகள் இனி வீட்டு மின்பெட்டியின் கதவிலும் ஒரு வரி எழுதட்டும்: ‘உருகி 5 ஆம்பியர், கம்பி 0.20 மில்லிமீட்டர், இதனினும் தடித்தது கூடாது.’ பாட்டன் படித்து, பேரனுக்குச் சொல்லட்டும். தமிழன் வாழ்ந்தாலன்றோ தமிழ் வாழும்!